வயிற்றுச் சூடு

கட்டியிருக்கக் கூடாது. நேற்று ரயிலில் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலடியில் ஆரம்பித்துக் குதிங்காலைச் சுற்றி முட்டுக்குக் கீழே வரைக்கும் பேண்டேஜை வரி வரியாக ஏற்றி, கிளிப்பை மாட்டி, போதாக்குறைக்குப் போர்வையைச் சுருட்டி அண்டக்கொடுத்து உயர்த்தியும் வைத்திருக்கவே கூடாது என்று, ராணுவ ஆஸ்பத்திரி வராந்தாவின் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து ஞானப்பூ நினைத்தாள். நினைத்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து நினைத்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் ஆசீர், முன்னாள் ஹவில்தார், கை ரெண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, யாரோ போட்டோ எடுக்கப் போகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் என்றைக்கு என்ன இருந்தது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் எல்லாருக்கும் சொல்லித்தானே அனுப்பினார்கள், மெடிக்கல் போர்டுக்குப் போகிறவர்கள் நாலு நாளைக்குக் காலில் கட்டுப் போடாதீர்கள், உயர்த்தி வைத்துப் படுக்காதீர்கள், கால் படுகிற பாடு அப்படியே டாக்டர் கண்ணில் படட்டும் என்று. அவள் காதிலும்தான் விழுந்தது. வீட்டில் நாலு நாளும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ரயில் ஏறி, சாப்பிட்ட இலையை மடித்துப் போட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, ஆமென் சொன்ன வாய் மூடுமுன்னே கை பையைத் துழாவிவிட்டது. கைக்கு யோசனை கிடையாது. இத்தனை வருஷமாக ஆமெனுக்கு அப்புறம் பேண்டேஜ். அதற்கு அப்புறம்தான் தூக்கம். இன்று விடிந்து ஸ்டேஷனில் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது கால் கல்யாண மாப்பிள்ளைக் கால் மாதிரி இருந்தது. மண்புழுக்கள் மாதிரிப் புடைத்துச் சுருண்டு கிடக்கிற நரம்பெல்லாம் அடங்கிப் படுத்துவிட்டன. வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. அந்த எலும்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இந்தக் கால் இப்படி ஆக வேண்டும் என்று எத்தனை தடவை முழங்காலில் நின்று கேட்டிருக்கிறாள், அப்போதெல்லாம் கேட்காத காது இன்றைக்கா கேட்க வேண்டும், ஆண்டவரே, இன்றைக்கா.

எதிர்ப் பெஞ்சில் வடிவு இருந்தாள். கடையநல்லூர்க்காரி. அவள் வீட்டுக்காரர் கோமதிநாயகமும் ஆசீரும் ஒரே கம்பெனி, பனிமலையில் ஒரே கூடாரம் என்று ஞானப்பூவுக்குத் தெரியும், அவ்வளவுதான் தெரியும். வடிவு வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. எங்க வீட்டுல அவிய நாலு நாளாத் துணியே சுத்தலக்கா, ரயில்ல கூட உக்கார விடல, வாசப்பக்கம் நின்னுக்கிட்டேதான் வந்தாவ என்று பெருமையாகச் சொன்னாள். இப்போதும் அவரை உட்கார விடவில்லை. வெளியே வேப்பமரம் ஒன்று, அடியில் காவியும் வெள்ளையும் அடித்து யூனிஃபார்ம் போட்ட மாதிரி நிற்கிறது, அதற்குக் கீழே கோமதிநாயகம் ஒரு பக்கம் பேண்டை மடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவ்வப்போது வடிவு இங்கிருந்தே கையைக் காட்டுவாள், உட்காராதீர்கள் என்று. அவரும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டுவார். அந்தக் காலை ஞானப்பூ பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். யானைக்கால் மாதிரி வீங்கி, கணுக்காலுக்கு மேலே கறுத்து, பஞ்சு ஒட்டின இடத்தில் புண். ரெண்டு விரல் இல்லை. எவ்வளவு நல்ல கால். எந்த டாக்டர் பார்த்தாலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை, கால் தானே பேசிவிடும். அடுத்தவன் வீட்டுக்கு ஆசைப்படக் கூடாது, மாட்டுக்கு ஆசைப்படக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அடுத்தவன் புண்ணுக்கு ஆசைப்படாதே என்று யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியும் ஒருத்தி ஆசைப்படுவாள் என்று யாருக்குத்தான் தோன்றியிருக்கும். மன்னியும் ஆண்டவரே என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். தொட்ட கையை எடுக்கும்போதே கண் மறுபடி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

ஊன பென்ஷன் கிடைக்க டாக்டர்கள் இருபது சதவீத ஊனம் போட வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு போட்டாலும் ஒன்றும் போடாத மாதிரிதான். அதோடு, பட்டாளத்து வேலையால் வந்த நோய் என்றும் எழுத வேண்டும். முன்னே அவரை வேலை முடியுமுன்பே வீட்டுக்கு அனுப்பியபோது இது உடம்புவாகு, பிறவியில் உள்ளது என்று எழுதிவிட்டார்கள். பிறவியிலாம். அவரைப் பெற்ற அத்தையே சிரித்திருப்பாள். பணம் வந்தால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல அவள் ஒன்றும் ராணி இல்லை, ஆனால் பையன் கிளாட்சன் சம்பாதிக்கிறான், மகள் பியூலா நர்ஸாக இருக்கிறாள், கஞ்சிக்குக் குறைவில்லை. வேறு ஒன்று இருக்கிறது. பியூலா கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தல் போடுகிற இடத்தில், ஏணியில் ஏற முடியாமல் நின்ற தம்பியைப் பார்த்து அவருடைய அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார், எங்க தம்பி பட்டாளத்துல அரை டிக்கெட்டு, பாதி வழியில எறக்கி விட்டுட்டாங்க என்று. பந்தல்காரன் சிரித்தான். சம்பந்தி வீட்டார் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஆசீரும் சிரித்தார். அதற்கப்புறம் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஏன் என்று அவள் கேட்டதற்கு, கால் வலிக்கி என்றார். அந்த வீடு நாலு வாசல் தள்ளி. கோயிலில் கூட ரெண்டு பேரும் வேறு வேறு பக்கம் உட்காருகிறார்கள், காணிக்கைத் தட்டு இவர் கையிலிருந்து வேறு கைக்குப் போய்த்தான் அண்ணன் கைக்குப் போகிறது. அந்த அரை டிக்கெட்டை முழு டிக்கெட்டாக ஆக்கத்தான் இத்தனை அலைச்சல், இத்தனை மனு, இந்த ரயில். அதைத்தான் அவள் கை கட்டிக் கெடுத்துவிட்டது. சரி, அவளுக்குத்தான் தூக்கக் கலக்கம், கை செய்துவிட்டது. இவருக்கு என்ன. இவர் முழித்துக்கொண்டுதானே இருந்தார். சங்கத்தில் சொன்னது இவருக்கு மறந்து போயிருக்குமா. வேண்டாம் ஞானம் என்று ஒரு வார்த்தை, ரெண்டு சொல். காலை இழுத்துக்கொண்டிருந்தாலே போதும். ஏன் சும்மா இருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு சிப்பாய் வந்து, இந்தியும் தமிழும் கலந்து ஆசீர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஆசீர் எழுந்தார். எழுந்ததும் வயசு குறைந்த மாதிரி நெஞ்சு விரிந்துவிட்டது, இந்த வளாகத்துக்குள் வந்தாலே அவருக்கு இப்படித்தான் ஆகிறது. கேட்டில் நின்ற காவல்காரப் பையனைப் பார்த்தபோதும் அப்படித்தான் ஒரு மலர்ச்சி, வீட்டில் பேரப்பிள்ளையைத் தூக்கும்போது கூட அவள் பார்க்காத மலர்ச்சி. இங்கே கல்லுக்குக்கூட வெள்ளையடித்து வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். குழாய் மூடி பளபளக்கிறது. இதுதான் அவருடைய மூத்த தாரம், தான் ரெண்டாவதாக வாக்கப்பட்டவள் என்று கல்யாணமான புதிதில் ஞானப்பூ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள், வேடிக்கை மாதிரி சொல்லியிருக்கிறாள். லீவில் வந்தால் படுக்கையைத் தானே மடிப்பார், நாலு மூலையும் கத்தி வைத்து வெட்டின மாதிரி. உன் மடிப்பு சரியில்லை என்று அவர் சொன்னதில்லை. அவள் மடித்து வைத்த பிறகு எடுத்து உதறி இன்னொரு தடவை மடிப்பார், அவ்வளவுதான். மூத்தவள் கைப்பக்குவம். கதவுக்குள் போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேண்டேஜ் அவர் சட்டைப்பையில் சுருளாகப் புடைத்துக்கொண்டிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. உம்முடைய கையால் அந்தக் காலைத் தொடும் ஆண்டவரே என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். தொட்டு என்ன செய்யச் சொல்வது. குணமாக்கும் என்றா. வீங்க வையும் என்றா. வீங்க வையும் என்று ஒரு மனைவி ஜெபம் பண்ணினால் மேலே இருக்கிறவர் என்ன நினைப்பார். அதனால் பேசாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, உமக்குத் தெரியும், உமக்கே தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

கண்ணை மூடினால் வடிவு விடுவாளா. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் கனகாம்பரம், வெற்றிலை வாசனை. கவலப்படாதிய அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்குக் கெடைக்கலைன்னா வேற எவருக்குக் கெடைக்கும் என்றாள். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று ஞானப்பூ தலையை ஆட்டி வைத்தாள். ரெண்டு ஆளு டூட்டிய ஒத்தக் கால்ல நின்னு பாத்த மனுசன்லா என்றாள் வடிவு. அப்படியா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. தன் புருஷனைப் பற்றி இன்னொருத்தியிடம் அப்படியா என்று எப்படிக் கேட்பது. வடிவு அதற்குள் பாதிக் கதைக்குப் போயிருந்தாள். பனிமலையில் காற்று அடித்து ஹெலிகாப்டர் வராத சமயம், கோமதிநாயகத்துக்குப் பாதம் விறைத்து வெள்ளைக் கட்டையாகப் போய்விட்டதாம். நெருப்பில் காட்டினால் வெந்துவிடும், தேய்த்தால் தோல் உரிந்துவிடும். ஆசீர் தன் கோட்டு, சட்டை, உள்ளே போட்டிருந்தது எல்லாவற்றையும் திறந்து, அந்த ரெண்டு பாதத்தையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டு படுத்தாராம். பாதம் வயிற்றில் பட்டதும் அவர் பல்லைக் கடித்த சத்தம் கூடாரம் முழுக்கக் கேட்டதாம். பகலில் எழுந்துபோய் தன் காவலையும் நிற்பார், கோமதிநாயகத்தின் காவலையும் நிற்பார், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று உட்காரவே மாட்டாராம். திரும்பி வந்து மறுபடி சட்டையைத் திறப்பாராம். காற்று நின்று ஹெலிகாப்டர் வருகிற வரைக்கும் இதே வேலை. வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "ரெண்டு வெரலோட போச்சுல்லா அக்கா. மத்ததெல்லாம் ஒங்க வீட்டுக்கார் வயித்துச் சூட்டுல பொழச்ச காலு. எங்க வீட்ல தெனமும் ஒருவாட்டி இதச் சொல்லாமச் சோறு எறங்காது. ஒங்களுக்குத் தெரியாததா."

தெரியும் என்று ஞானப்பூ சொன்னாள். பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில், ஜெபம் பண்ணி ஈரம் காயாத வாயால், அப்பட்டமான பொய். சொன்ன பிறகு சிரிக்கவும் செய்தாள். உள்ளுக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. வயிறு. அவர் வயிறு. அந்த வயிற்றுக்குப் பக்கத்தில் எத்தனை வருஷம் படுத்திருக்கிறாள், கிளாட்சன் ஏறி மிதித்து விளையாடின வயிறு, ஆப்பரேஷன் செய்தபோது அவள் துடைத்து விட்ட வயிறு, அதில் ஒரு கதை இருக்கிறது என்று கடையநல்லூர்க்காரிக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் ஒருவாட்டி. சோற்றோடு சேர்த்து. அந்த வீட்டில் அவள் புருஷன் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த லீவு இப்போது நினைவுக்கு வந்தது, வராமல் இருக்குமா, அது எங்கே போயிருந்தது, நெஞ்சுக்குள் ஒரு முள்ளாகத்தானே கிடந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த முதல் லீவு. ஆளே பாதியாகக் கறுத்து வந்திருந்தார். படுத்ததும் அவள் கை தானாக அவர் வயிற்றின்மேல் போனது. மார்கழி மாசம், பாத்திரம் கழுவி வந்த கை, குளிர்ந்திருந்தது. அவர் தூக்கிவாரிப் போட்டு விலகினார். வயித்தத் தொடாத என்றார். இருட்டில் அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை. அப்புறம் குப்புறப் படுத்துக்கொண்டார். அன்றையிலிருந்து குப்புறத்தான். அவள் என்ன நினைப்பாள். வயசோ இருபத்திச் சொச்சம், படித்தது எட்டாம் வகுப்பு, புருஷன் இருப்பது வரைபடத்தின் உச்சியில். ஒருத்தியை உண்டாக்கிக்கொண்டாள். சிவந்த கன்னம், நீளப் பின்னல், கம்பளித் தொப்பி, கை மட்டும் எப்போதும் சூடாக இருக்கிறவள். அவளுக்கு ஒரு பேர்கூட வைத்தாள், சே, இப்போது நினைத்தால் வெட்கம், பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணினாள், ஆண்டவரே அந்தப் பர்வீனாவுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிடும் என்று. சாபம் கொடுக்கத் தெரியவில்லை, அதனால் கல்யாணம் பண்ணி அனுப்பப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பர்வீனாவுக்காக அழுதிருக்கிறாள். பியூலா வயிற்றில் இருந்தபோதும் அழுதிருக்கிறாள். பர்வீனாவும் இல்லை, ஒருத்தியும் இல்லை. கடையநல்லூர் கோமதிநாயகத்தின் ரெண்டு பாதம். ஐஸ்கட்டி மாதிரி ரெண்டு பாதம்தான் அந்த வயிற்றில் படுத்திருந்தது. அவள் குளிர்ந்த கை பட்டதும் அவருக்கு அந்தப் பாதம் ஞாபகம் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று ஆறுதல்பட வேண்டியது. ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியது. சொல்லிப் பார்த்தாள், நாக்கில் ஒட்டவில்லை. பர்வீனாவைத் துரத்தின இடத்தில் இப்போது வடிவு வந்து உட்கார்ந்துகொண்டாள், வெற்றிலை வாயோடு. பர்வீனாவாவது இல்லாதவள், இவள் இருக்கிறவள். ஏன் சொல்லவில்லை. ஒரு தடவை, ஒரே தடவை, ஞானம், இன்ன மாதிரி, அதனால் தொடாதே என்று சொல்லியிருந்தால் கையைச் சூடு பண்ணிக்கொண்டு வந்திருப்பாளே, அடுப்பில் காட்டிக்கொண்டு வந்திருப்பாளே. இவர் சொல்லாமல் வைத்திருந்ததை அந்தக் கோமதிநாயகம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார். அவர் மேலும் கோபம் வந்தது. மரத்தடியில் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறார் பாவம், அவர் மேல் என்ன கோபம். இருந்தாலும் வந்தது. அவர் பாதத்துக்குக் கிடைத்தது அவள் கைக்குக் கிடைக்கவில்லை. சிரிப்புதான், ஒரு ஆம்பிளையின் பாதத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பேரன் பேத்தி எடுத்தவள். ஊரில் மாதர் சங்கத்தில் சாட்சி சொல்லக்கூட லாயக்கில்லாத பாவம் இது, சொன்னால் போதகரம்மா குனிந்துகொண்டு சிரிப்பார். ரெண்டு ஆள் காவல். அப்படியானால் இவர் கால் அங்கேதான் போனது. பிறவி இல்லை. உள்ளே இவர் இதைச் சொல்வாரா. சொல்ல மாட்டார். கேட்டால் தலையாட்டுவார். சொல்லத் தெரியாத மனுஷனுக்குக் கால்தான் வாய், அந்த வாயையும் அவள் நேற்று இறுக்கிக் கட்டிவிட்டாள். கட்டும்போது ஏன் சும்மா இருந்தார். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது புத்தி. முள்ளில் மாட்டின சேலை, எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்த இடம்தான் கிழியும். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை. வயிற்றைத் தொடாதே என்று சொல்லத் தெரிந்த வாய்க்குக் காலைக் கட்டாதே என்று சொல்லத் தெரியாதா. ஒருவேளை வேண்டாம் என்றே முடிவு கட்டிவிட்டாரா. கிடைக்காவிட்டால் போகட்டும் என்றா. அல்லது அவள் கெடுக்கட்டும், பழி அவள்மேல் போகட்டும் என்றா. சே, அப்படிப்பட்ட ஆள் இல்லை. எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்குத் தெரியுமா என்ன. கடையநல்லூரில் போய்க் கேட்க வேண்டும்.

வடிவு அவள் மடியைப் பார்த்தாள். மடியில் பை, பையில் மாற்றுப் பேண்டேஜ், துவைத்துக் காயவைத்துச் சுருட்டினது, நுனி தெரிந்தது. ஒங்க வீட்ல யாரு கட்டுவா, நீங்களா என்று கேட்டாள். நான்தான் என்றாள் ஞானப்பூ, தலையெழுத்து என்பது போல. வந்ததிலிருந்து முதல் தடவையாக வடிவின் வாய் மூடியது. அந்தப் பேண்டேஜ் நுனியை விரலால் தொட்டு, நிமிண்டி, விட்டாள். பிறகு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்ல அவிய விடமாட்டாவக்கா" என்றாள். "கதவச் சாத்திக்கிட்டு தானே கழுவி, தானே கட்டிக்கிடுவாவ. நாத்தம் ஒனக்கு வேண்டாம்னு சொல்லுவாவ. என் கையில ஒரு நா அந்தக் காலக் குடுத்ததில்ல. வெளியில நின்னு தண்ணிச் சத்தம் கேப்பேன். அவியளுக்குப் பேச்சு மட்டும் ஓயாது." ஐயோ பாவம் என்று ஞானப்பூவின் வாய் சொன்னது. வாய் சொன்னது நிஜம்தான். ஆனால் வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு குளிர்ச்சி இறங்கியது, வெயிலில் நடந்து வந்தவள் மோர் குடித்த மாதிரி. அப்படியானால் உன்னிடம் கதை இருக்கிறது, என்னிடம் கால் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை அவள் பார்த்தாள், நன்றாகவே அடையாளம் தெரிந்தது, அசிங்கமான சந்தோஷம். மன்னியும் என்று சொல்ல வேண்டும், சொல்வாள், கொஞ்சம் பொறுத்துச் சொல்வாள். அதுவரைக்கும் மோர் இறங்கட்டும். பையைச் சரிசெய்கிற மாதிரி பேண்டேஜை இன்னும் கொஞ்சம் வெளியே தெரிய வைத்தாள்.

கதவு திறந்தது. ஆசீர் வந்தார். சிப்பாய் கோமதிநாயகத்தின் பேரைக் கூப்பிட, வேப்பமரத்தடியிலிருந்து அவர் நொண்டிக்கொண்டு வந்தார். எதிரெதிரே வந்த ரெண்டு பேரும் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் கோமதிநாயகம் உள்ளே போனார். ஆசீர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் பேண்டேஜ், கந்தலாகச் சுருட்டினது. அவர் சுருட்டினால் அப்படித்தான், படுக்கைத் துணியை மடிக்கிற கைக்கு இது வராது. அவள் கீழே பார்த்தாள். கால் வீங்கியிருந்தது. நரம்பெல்லாம் எழுந்து வந்துவிட்டது, முன்னைக்கும் மோசமாக, நீலமாக. என்ன செஞ்சாங்க என்று கேட்டாள். நிக்க வச்சாங்க என்றார். சும்மா ஒன்றையும் பிடிக்காமல் நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு மேஜர் அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவருக்கா நிற்கத் தெரியாது. நின்றிருக்கிறார். கால் தானாக எழுந்து பேசியிருக்கிறது. அந்த அம்மா குனிந்து கட்டை விரலால் அழுத்த, குழி விழுந்தது மூடவேயில்லையாம். பனியிலா என்று கேட்டாராம். இவர் ஆமாம் என்றாராம். எவ்வளவு நேரம் நிப்பீங்க என்று கேட்டாராம். ஆள் வாற வரைக்கும் என்றாராம். அவ்வளவுதான், வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. எவ்வளவு போட்டார்கள் என்பது தபாலில் வரும், இங்கே சொல்ல மாட்டார்கள். யாரு கட்டுறது, இவ்வளவு சீரா வரி விழுந்திருக்கு என்றும் அந்த அம்மா கேட்டாராம். வீட்ல என்றாராம்.

தாங்க இங்க என்று ஞானப்பூ பேண்டேஜை வாங்கினாள். ஊரில் வாசலில் ஆள் இருந்தால் காலைக் கொடுக்க மாட்டார், உள்ளே போய்த்தான். இங்கே, அத்தனை பேர் போகிற வருகிற வராந்தாவில், வடிவு பக்கத்தில் இருக்கும்போதே, செருப்பைக் கழற்றிவிட்டு அவராகவே காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். பாதம் சில்லென்று இருந்தது. ரத்தம் ஏறாத கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அவள் பேண்டேஜை உதறிச் சுருட்டினாள், நிதானமாகச் சுருட்டினாள், வழக்கத்தைவிட மெதுவாக. சுருட்டுகிற நேரம் முழுக்க அந்தப் பாதம் சேலைக்கு மேலே அவள் வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தார். அவர் காதோரம் சிவந்ததா, வெயில் பட்டதா தெரியவில்லை. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது. பனியைப் பற்றிக் கேட்கலாம், பாதத்தைப் பற்றிக் கேட்கலாம், மார்கழி மாசத்து இருட்டைப் பற்றிக் கேட்கலாம். வாயில் வந்தது வேறு. விரலடியில் முதல் சுற்றைப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நேத்து ரயில்ல நான் கட்டும்போது ஏன் சும்மா இருந்தீய? வேண்டாம்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

குதிங்கால் சுற்று முடிந்து கணுக்கால் வந்தது, வரிமேல் வரி பாதி பாதியாக ஏறியது. கேட்டது காதில் விழவில்லையோ என்று அவள் நிமிர்ந்தபோது, அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, பெரிய விஷயம் ஒன்றும் இல்லாத குரலில், மெதுவாகச் சொன்னார்.

"டூட்டியில நிக்கிற ஆள நடுவுல எறக்கக் கூடாதுல்லா, ஞானம்."

அவளைத்தான் சொல்கிறார். பேண்டேஜ் சுருள் கையிலிருந்து நழுவி மடியில் உருண்டது, பிடித்துக்கொண்டாள். சொன்னது தெளிவாக, ஒரு எழுத்து விடாமல், காதில் விழுந்துவிட்டது. நெஞ்சிலும் விழுந்துவிட்டது, அது இனி அங்கேயேதான் இருக்கும். ஆனாலும் அவள் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். வடிவு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாத்தின கதவை, உள்ளே அவள் புருஷன் நிற்கிற இடத்தை. இங்கே காது இருந்த மாதிரியே தெரியவில்லை.

ஞானப்பூ காலை மடியில் நன்றாக ஏற்றி வைத்தாள்.

"என்ன சொன்னீய? சரியாக் கேக்கல" என்றாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."